மர்ம முக்கோணமும் ஒரு நூலகரும்

நுழையும்முன்

கடலோரத்தில் வாழ்வோருக்குக் கடற்கதைகள் புதியன அல்ல. பாட்டி சொல்லும் கதையும், மீனவர் சொல்லும் கதையும், அலைபேசியில் வந்து விழும் கதையும் நம்மைச் சூழ்ந்துள்ளன. கேட்பதற்கு அவை யாவும் இனியவை. ஆயினும், கேட்டவை அனைத்தும் நிகழ்ந்தவை ஆகா. உலகம் முழுவதும் உண்மை என்று நம்பப்பட்ட ஒரு கடல் மர்மத்தை, நூலகர் ஒருவர் பழைய நாளிதழ்களின் துணைகொண்டு சோதித்த வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது. அவர் கையாண்ட முறை நம் திருவனந்தபுரக் கடற்கரைக்கும் பயன்படுவதைப் பாடத்தின் இறுதியில் காண்போம்.

1. முக்கோணம் பிறந்த விதம்

உலக வரைபடத்தை விரித்து அட்லாண்டிக் பெருங்கடலின் மேற்குப் பகுதியைப் பாருங்கள். அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்தில் மியாமி நகரம் உள்ளது. அதற்கு வடகிழக்கே, நடுக்கடலில், பெர்முடாத் தீவு உள்ளது. தெற்கே புவேர்ட்டோ ரிக்கோத் தீவில் சான் ஹுவான் நகரம் உள்ளது. இம்மூன்று புள்ளிகளையும் கோடுகளால் இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அதன் பரப்பு ஏறத்தாழ 13 இலட்சம் சதுர கிலோமீட்டர். அதாவது, தமிழ்நாட்டின் பரப்பைப் போலப் பத்து மடங்கு. இதனையே பெர்முடா முக்கோணம் என்பர்.

இம்முக்கோணம் இயற்கை அமைத்த எல்லை அன்று. கடலில் அப்படி ஒரு கோடும் இல்லை. அமெரிக்க அரசின் இடப்பெயர்க் குழுவும் இப்பெயரை ஏற்கவில்லை. இப்பெயரை வழங்கியவர் ஓர் இதழ் எழுத்தாளர். அப்பகுதியில் கப்பல்களும் விமானங்களும் காணாமற்போனதைப் பற்றி 1950-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நாளிதழ்களில் ஒரு கட்டுரை வெளிவந்தது. பின்னர், 1964-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் 'ஆர்கோசி' என்னும் இதழில் வின்சென்ட் காடிஸ் எழுதிய கட்டுரையில் 'பெர்முடா முக்கோணம்' என்னும் பெயர் முதன்முதலாக இடம்பெற்றது. 1974-ஆம் ஆண்டில் சார்லஸ் பெர்லிட்ஸ் எழுதிய நூல் அப்பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது. அந்நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுப் பல இலட்சம் படிகள் விற்றது.

கதை பரவப் பரவ, அதற்குக் காரணங்களும் பெருகின. வேற்றுக்கோளிலிருந்து வரும் பறக்கும் தட்டுகள் கப்பல்களைக் கவர்ந்து செல்கின்றன என்றனர் சிலர். கடலுள் மூழ்கியதாகக் கூறப்படும் அட்லாண்டிஸ் நகரத்தின் மாய ஆற்றல் அவற்றை இழுக்கிறது என்றனர் வேறு சிலர். காலமே அங்கே பிளந்து கிடக்கிறது என்றும் கூறினர். காரணம் எது என்பதில் அவர்கள் வேறுபட்டனர். ஆனால், மர்மம் ஒன்று உண்டு என்பதில் அனைவரும் ஒன்றுபட்டனர். அந்த மர்மம் உண்மையிலேயே உண்டா என்பதை அவர்களுள் எவரும் முதலில் சோதிக்கவில்லை.

2. நூலகர் கேட்ட கேள்வி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக நூலகத்தில் பணியாற்றியவர் லாரன்ஸ் டேவிட் குஷே. அவர் விமானம் ஓட்டப் பயின்றவரும் ஆவார். பெர்முடா முக்கோணத்தைப் பற்றிய நூல்களைத் தேடி மாணவர்கள் அடிக்கடி அவரிடம் வந்தனர். அவர்களுக்காக அவர் ஒரு நூற்பட்டியலைத் தொகுக்கத் தொடங்கினார். தொகுக்கும்போது அவருக்கு ஒன்று புலப்பட்டது. ஒரு நூல் மற்றொரு நூலை மேற்கோள் காட்டியது. அந்நூல் வேறோர் இதழை மேற்கோள் காட்டியது. ஆயினும், நிகழ்ச்சி நடந்த நாளில் எழுதப்பட்ட பதிவை எவரும் காட்டவில்லை.

எனவே குஷே எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார்: அந்த நாளில் அந்த இடத்தில் உண்மையில் என்ன நடந்தது?

விடை காண அவர் கடலுக்குச் செல்லவில்லை. ஆழ்கடல் மூழ்கியும் தேவைப்படவில்லை. அந்தந்த நாளுக்குரிய நாளிதழ்களைத் தேடிப் படித்தார். வானிலைத் துறையின் பதிவுகளையும், கடற்படை விசாரணை அறிக்கைகளையும் வரவழைத்தார். கப்பல்களின் காப்பீட்டுச் செய்திகளைத் தொகுக்கும் இலண்டன் லாயிட்ஸ் நிறுவனத்துக்கு எழுதினார். கதைகளில் கூறப்பட்ட ஒவ்வொரு நிகழ்ச்சியையும் இரண்டு பகுதிகளாகப் பிரித்தார். முதற்பகுதியில் கதை சொல்வதை எழுதினார். இரண்டாம் பகுதியில் ஆவணம் சொல்வதை எழுதினார். இரண்டையும் அருகருகே வைத்தபோது பெரும்பாலான மர்மங்கள் தாமாகவே கலைந்தன. 1975-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் இவ்வாறு உருவானதே.

3. ஐந்து விமானங்கள்

முக்கோணக் கதைகளுள் புகழ்பெற்றது 'பத்தொன்பதாம் பறப்பு' என்னும் நிகழ்ச்சி. கதை சொல்வது இது: 1945-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள், தெளிந்த வானில், அமைதியான கடலின்மேல், தேர்ந்த விமானிகள் ஓட்டிச் சென்ற ஐந்து போர் விமானங்கள் திடீரென மறைந்தன, தேடச் சென்ற விமானமும் மறைந்தது, எதன் தடயமும் கிடைக்கவில்லை.

ஆவணம் சொல்வது வேறு. அன்று பிற்பகல் ஏறத்தாழ 2.10 மணிக்கு, புளோரிடாவின் போர்ட் லாடர்டேல் தளத்திலிருந்து ஐந்து அவெஞ்சர் விமானங்கள் 14 பேருடன் புறப்பட்டன. தலைவர் சார்லஸ் டெய்லர் போரில் பணியாற்றிய அனுபவம் உடையவர். ஏனைய நான்கு விமானங்களையும் ஓட்டியவர்கள் பயிற்சியில் இருந்தவர்கள். கிழக்கே பஹாமாத் தீவுகளுக்கு அருகில் பறந்து, வடக்கே திரும்பி, மீண்டும் தளம் சேர்வதே அன்றைய பயிற்சி.

வழியில் தம் திசைகாட்டிகள் இரண்டும் பழுதாயின என்று டெய்லர் வானொலியில் அறிவித்தார். கீழே தெரிந்த சிறு தீவுகளைப் புளோரிடாவின் தென்முனையில் உள்ள கீஸ் தீவுகள் என்று எண்ணினார். அத்தீவுகள் அவருக்கு முன்பே நன்கு அறிமுகமானவை. உண்மையில் அவர் பஹாமாத் தீவுகளின்மேல் பறந்திருக்க வேண்டும் என்பதே பின்னர் ஆராய்ந்தோர் கருத்து.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வரைபடத்தில் பார்த்தால் துயரத்தின் காரணம் விளங்கும். கீஸ் தீவுகளிலிருந்து வடகிழக்கே பறந்தால் புளோரிடாவின் நிலப்பகுதியை அடையலாம். பஹாமாவிலிருந்து அதே திசையில் பறந்தால் கரையே இல்லாத பெருங்கடலுக்குள் செல்ல நேரும். ஒரே திசை, ஓரிடத்திலிருந்து வீட்டுக்கு வழி. மற்றோர் இடத்திலிருந்து அழிவுக்கு வழி. மேற்கே பறந்தால் வீடு சேர்ந்துவிடலாம் என்று பயிற்சி விமானி ஒருவர் கூறியதும் பதிவாகியுள்ளது. மாலை ஏறத்தாழ 6 மணிக்கு வானொலி அலைகளைக் கொண்டு கணித்தபோது, அவ்விமானங்கள் பஹாமாவுக்கு வடக்கே, புளோரிடாவுக்குக் கிழக்கே, கடலின்மேல் இருப்பது தெரிந்தது. அதற்குள் இருட்டிவிட்டது, வானிலை கெட்டது, கடல் கொந்தளித்தது, எரிபொருள் தீரும் வேளையும் நெருங்கியது. எடை மிகுந்த அவ்விமானங்கள் கொந்தளிக்கும் கடலில் இறங்கினால் விரைவில் மூழ்கிவிடும்.

தேடச் சென்ற மாரினர் விமானத்தில் 13 பேர் இருந்தனர். அது 7.27 மணிக்குப் புறப்பட்டது. 7.50 மணிக்கு அவ்வழியே சென்ற 'கெயின்ஸ் மில்ஸ்' என்னும் எண்ணெய்க் கப்பல், வானில் தீப்பிழம்பு எழுந்ததையும் பின்னர்க் கடலில் எண்ணெய் மிதந்ததையும் கண்டது. எரிபொருள் ஆவி உள்ளே கசியும் குறை அவ்வகை விமானங்களுக்கு உண்டு என்பதை அக்கால விமானிகள் அறிந்திருந்தனர். ஆகவே, அது மறைந்துபோன விமானம் அன்று; வெடித்துச் சிதறிய விமானம்.

'தடயமே இல்லை' என்னும் கதையில் அந்தக் கப்பல் கண்ட தீப்பிழம்புக்கு இடமில்லை. 'அமைதியான கடல்' என்னும் கதையில் அன்றிரவு எழுந்த பேரலைகளுக்கும் இடமில்லை.

4. நான்கு வகைப் பிழைகள்

குஷே சோதித்த நிகழ்ச்சிகளில் மீண்டும் மீண்டும் தென்பட்ட பிழைகளை நாம் நான்கு வகையாகத் தொகுத்துக் கொள்ளலாம்.

முதல் வகை, இடப்பிழை. 1902-ஆம் ஆண்டில் 'பிரேயா' என்னும் ஜெர்மானியப் பாய்க்கப்பல் மன்சானியோத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, முக்கோணத்தில் மாலுமிகளின்றிக் கிடந்தது என்று எழுதினர். கியூபாவில் மன்சானியோ என்னும் ஊர் உண்டு. மெக்சிகோவின் மேற்குக் கரையிலும் அதே பெயரில் ஓர் ஊர் உண்டு. கப்பல் புறப்பட்டது மெக்சிகோவின் ஊரிலிருந்து. அது நேர்ந்தது பசிபிக் பெருங்கடலில். பெயர் ஒன்றாக இருந்ததால் ஒரு கப்பல் ஒரு கண்டத்தையே தாண்டி முக்கோணத்துக்குள் வந்துவிட்டது! ஆளின்றிக் கண்டெடுக்கப்பட்ட 'மேரி செலஸ்ட்' கப்பலையும் சிலர் இப்பட்டியலில் சேர்த்தனர். 1872-ஆம் ஆண்டில் அது காணப்பட்ட இடமோ, ஐரோப்பாவின் போர்ச்சுகலுக்கும் அசோர்ஸ் தீவுகளுக்கும் இடைப்பட்ட கடல்.

இரண்டாம் வகை, வானிலையை மறைத்தல். 1925-ஆம் ஆண்டில் 'ரைபுகு மாரு' என்னும் ஜப்பானியக் கப்பல் விளங்காத செய்தி ஒன்றை அனுப்பிவிட்டு மறைந்தது என்பது கதை. அக்கப்பல் பெரும்புயலில் சிக்கி உதவி கோரியது. 'ஹோமெரிக்' என்னும் பயணிகள் கப்பல் விரைந்து சென்றும், சீற்றம் மிகுந்த அலைகளால் அருகில் நெருங்க இயலவில்லை. ஹோமெரிக்கில் இருந்தோரின் கண்ணெதிரே அது மூழ்கியது. அவ்விடம் முக்கோணத்துக்கு வெகு தொலைவில், வடக்கே கனடாக் கரைக்கு அப்பால் உள்ளது.

மூன்றாம் வகை, தடயத்தை மறைத்தல். 1963-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், உருகிய கந்தகத்தை ஏற்றிச் சென்ற 'மரைன் சல்பர் குவீன்' கப்பல் 39 பேருடன் அழிந்தது. தடயமின்றி மறைந்தது என்றனர். ஆயினும், உயிர்காப்பு மேலங்கிகள் உள்ளிட்ட சிதைவுகளைத் தேடுதல் குழுவினர் மீட்டனர். வெடித்திருக்கலாம், முறிந்திருக்கலாம், கவிழ்ந்திருக்கலாம் என்று விசாரணைக் குழு பல காரணங்களைப் பட்டியலிட்டது. பேயோ பறக்கும் தட்டோ அப்பட்டியலில் இல்லை.

நான்காம் வகை, நிகழாததை நிகழ்ந்ததாகக் கூறுதல். 1937-ஆம் ஆண்டில் டேடோனா கடற்கரைக்கு அப்பால், நூற்றுக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு விமானம் வீழ்ந்ததாகக் கதை உண்டு. அவ்வூர் நாளிதழ்களில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நூற்றுக்கணக்கானோர் கண்ட விபத்தை உள்ளூர் நாளிதழ் எழுதாமல் விடுமா?

5. கோடு வரைவது எளிது

மேற்கண்ட பிழைகளை நீக்கினாலும் ஒரு கேள்வி எஞ்சும். அப்பகுதியில் விபத்துகள் நிகழ்ந்தது உண்மைதானே? ஆம், உண்மை. ஆனால், அவை பிற கடல்களைவிட மிகுதியா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இதனை நம் நகரத்தைக் கொண்டே சிந்திப்போம். கரமனைப் பாலம், தம்பானூர்ப் பேருந்து நிலையம், கிழக்கேகோட்டை ஆகிய மூன்றையும் கோடுகளால் இணையுங்கள். இந்த முக்கோணத்துக்குள் கடந்த 100 ஆண்டுகளில் தொலைந்த குடைகளையும், பணப்பைகளையும், மோதிய வண்டிகளையும் ஒருவர் பட்டியலிட்டால் அது எவ்வளவு நீளும்! 'குடைகளை விழுங்கும் கரமனை முக்கோணம்' என்று ஒரு நூலே எழுதலாம். மழை மிகுந்த ஊரில், மக்கள் நெருங்கிய தெருக்களில், குடை தொலைவது இயல்பு என்பதை மட்டும் அவர் எழுதாமல் விட்டால் போதும், மர்மம் பிறந்துவிடும்.

பெர்முடா முக்கோணமும் அத்தகையதே. அமெரிக்கத் துறைமுகங்களுக்கும், கரிபியன் தீவுகளுக்கும், பனாமாக் கால்வாய்க்கும் செல்லும் கப்பல்கள் அதனூடே செல்கின்றன. சிறு படகுகளும் உல்லாசப் படகுகளும் எண்ணற்றவை. அது சூறாவளிகள் செல்லும் வழியும் ஆகும். விரைந்து ஓடும் 'வளைகுடா நீரோட்டம்' மிதக்கும் சிதைவுகளை விரைவில் வெகுதொலைவுக்குக் கொண்டுபோய்விடும். போக்குவரத்து மிகுந்த, புயல் மிகுந்த கடலில் விபத்து நிகழ்வது வியப்பன்று. நிகழாமல் இருந்தால்தான் வியப்பு. அங்கு விபத்துகளின் எண்ணிக்கை வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருக்கவில்லை என்பதே லாயிட்ஸ் நிறுவனமும் அமெரிக்கக் கடலோரக் காவற்படையும் கொண்ட முடிவு.

6. 'தெரியவில்லை' என்பது ஒரு விடை

எல்லா நிகழ்ச்சிகளுக்கும் முழுமையான விடை கிடைத்துவிட்டதா? இல்லை. 1918-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், மாங்கனீசுத் தாதுவை ஏற்றிக்கொண்டு பார்படோசிலிருந்து புறப்பட்ட 'சைக்ளோப்ஸ்' என்னும் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் 306 பேருடன் மறைந்தது. அதன் சிதைவு இன்றுவரை கிடைக்கவில்லை. ஆயினும், அக்கப்பல் அளவுக்கு மீறிய சுமையோடு சென்றது. அதன் இயந்திரங்களுள் ஒன்று பழுதாகி இருந்தது. வழியில் புயலும் வீசியது என்பதைக் குஷே வானிலைப் பதிவுகளில் கண்டார். அதே வகையைச் சேர்ந்த 'புரோட்டியஸ்', 'நீரியஸ்' என்னும் இரு கப்பல்களும் 1941-ஆம் ஆண்டில் தாதுச் சுமையோடு சென்று அட்லாண்டிக்கில் அழிந்தன. இவற்றைக் கொண்டு நாம் ஒரு தக்க ஊகத்துக்கு வரலாம். உறுதியாகக் கூற இயலாது.

'உறுதியாகத் தெரியவில்லை' என்று கூறுவது தோல்வியன்று, அது நேர்மை. தெரியாத இடத்தைப் பேயால் நிரப்புவதே பிழை. காரணம் தெரியாத ஒன்றுக்கு இயற்கைக்கு மீறிய காரணம் உண்டு என்று கூறுபவரே அதற்குச் சான்று காட்ட வேண்டும். 'இல்லை' என்று மெய்ப்பிக்கும் கடமை கேட்பவருக்கு உரியதன்று.

இங்கே தமிழ்மொழி நமக்கு ஓர் அரிய கருவியைத் தந்துள்ளது. 'கடல் அமைதியாக இருந்தது' என்பது கண்டவர் கூற்று. 'கடல் அமைதியாக இருந்ததாம்' என்பது கேட்டவர் கூற்று. 'ஆம்' என்னும் ஒரு சிறு சொல், 'இதை நான் காணவில்லை. பிறர் சொல்லக் கேட்டேன்' என்பதை உணர்த்திவிடுகிறது. கதை ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் வாய்க்குச் செல்லும்போது முதலில் உதிர்ந்துவிடுவது இந்த 'ஆம்'. அது உதிர்ந்த இடத்தில் வதந்தி உண்மையின் உடையை அணிந்துகொள்கிறது. குஷே செய்ததெல்லாம், உதிர்ந்துபோன 'ஆம்'களை மீண்டும் உரிய இடத்தில் பொருத்தியதே எனலாம்.

7. நம் கடலும் நம் கேள்வியும்

தொலைவில் உள்ள ஒரு கடலின் கதையால் நமக்கு என்ன பயன்? சங்குமுகமும் பூந்துறையும் விழிஞ்ஞமும் நமக்கு அருகில் உள்ளவை. உங்களுள் பலருடைய குடும்பங்களின் சொந்த ஊர்களோ கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் உள்ளன. இரு பக்கமும் நம் உறவினரும் அண்டை வீட்டாரும் கடலை நம்பி வாழ்கின்றனர்.

காற்றும் மழையும் இல்லாத நாளிலும் இக்கரையில் கடல் திடீரெனப் பொங்கி வீடுகளுக்குள் புகுவது உண்டு. கேரள மீனவர் இதனைக் 'கள்ளக்கடல்' என்பர். கள்ளன் போல அறிவிப்பின்றி நுழைவதால் இப்பெயர் அமைந்தது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை ஓய்ந்து சில மாதங்களே ஆன நிலையில், 2005-ஆம் ஆண்டு மே மாதத்தில் தென்கேரளக் கரையில் கடல் இவ்வாறு பொங்கியது. நிலநடுக்கம் இல்லை, புயல் இல்லை, ஆயினும் கடல் ஏறியது. மர்மக் கதை ஒன்று பிறப்பதற்கு இதைவிட ஏற்ற சூழல் வேண்டுமா?

ஆராய்ச்சியாளர்கள் கதை கட்டவில்லை, காரணத்தைத் தேடினர். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், கடும்புயல்கள் வீசுகின்றன. அவை எழுப்பும் நீண்ட அலைகள் சில நாள்கள் பயணம் செய்து நம் கரையை அடைகின்றன. புயல் அங்கே, வெள்ளம் இங்கே. நம் கரையில் வானம் தெளிந்திருப்பதால் காரணம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மீனவர் வழங்கிய 'கள்ளக்கடல்' என்னும் பெயரை 2012-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அமைப்பும் ஏற்றுக்கொண்டது. காரணம் தெரிந்ததால் முன்னறிவிப்பும் இயன்றது. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இப்போது கள்ளக்கடல் எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில், அத்தகைய எச்சரிக்கை நடப்பில் இருந்த வேளையில், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் பயிற்சி மருத்துவர் ஐவர் அலையால் இழுக்கப்பட்டு இறந்தனர். அறிவு இருந்தால் மட்டும் போதாது. அது ஒவ்வொரு செவிக்கும் எட்ட வேண்டும் என்பதை அத்துயரம் உணர்த்துகிறது.

2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் இக்கரைக்கு அப்பால் வீசியது. கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்டங்களின் மீனவர் பலர் ஆழ்கடலில் சிக்கினர். பலருடைய உடல்கள் இறுதிவரை கிடைக்கவில்லை. படகும் ஆளும் தடயமின்றி மறைந்த அந்நாளில், கரையில் காத்திருந்தோர் எவரும் 'மர்ம முக்கோணம்' என்று பேசவில்லை. 'கரையில் வெளியான எச்சரிக்கை நடுக்கடலில் இருந்தவருக்கு ஏன் எட்டவில்லை?' என்றே கேட்டனர். அது சரியான கேள்வி. அலைபேசிக் கோபுரங்களின் எல்லைக்கு அப்பால் செல்லும் மீனவருக்கும் எச்சரிக்கை சென்றடைய வேண்டும் என்னும் நோக்கில், செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும் 'ஜெமினி' என்னும் கருவி 2019-ஆம் ஆண்டில் அறிமுகமானது. 'எந்தப் பேய் கொண்டுபோனது?' என்னும் கேள்வியிலிருந்து இத்தகைய ஒரு கருவி பிறக்குமா?

பத்தொன்பதாம் பறப்பில் சென்ற 14 பேரும், ஒக்கியில் மறைந்த மீனவரும் கதைமாந்தர் அல்லர். அவர்களுக்கும் வீடும் பெயரும் இருந்தன. அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று பொறுமையாகத் தேடுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை; அடுத்துக் கடலுக்குச் செல்பவருக்குச் செய்யும் உதவியும் அதுவே.

தெரிந்து தெளிவோம்

கேரளத்தின் திருவல்லாவில் 1898-ஆம் ஆண்டில் பிறந்தவர் ஆபிரகாம் கோவூர். தாவரவியல் ஆசிரியராகப் பணியாற்றி, இலங்கையில் வாழ்ந்தவர். பேய் உலவுவதாகக் கூறப்பட்ட இடங்களுக்குத் தாமே சென்று காரணங்களை ஆராய்ந்தார். இயற்கைக்கு மீறிய ஆற்றலை ஏமாற்று இல்லாத சூழலில் மெய்ப்பித்துக் காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபாய் பரிசளிப்பதாக அறிவித்தார். 1978-ஆம் ஆண்டில் அவர் மறையும்வரை அப்பரிசை எவரும் பெறவில்லை.

சொல்லும் பொருளும்

ஆவணம் – நிகழ்ச்சியை உறுதிசெய்யும் எழுத்துச் சான்று
வதந்தி – ஆதாரமின்றிப் பரவும் செய்தி
தடயம் – நிகழ்ந்ததைக் காட்டும் அடையாளம்
ஊகம் – கிடைத்த சான்றுகளைக் கொண்டு கருதிக் கூறுவது
ஆழிப்பேரலை – கடலடி நிலநடுக்கம் முதலியவற்றால் எழும் பெரும் அலை
திசைகாட்டி – திசையை அறிய உதவும் காந்தக் கருவி

மதிப்பீடு

அ. குறுவினா
1. பெர்முடா முக்கோணத்தின் மூன்று முனைகள் யாவை?
2. 'பிரேயா' கப்பலைப் பற்றிய கதையில் நேர்ந்த பிழை யாது?
3. 'கள்ளக்கடல்' என்னும் பெயர் வரக் காரணம் என்ன?

ஆ. சிறுவினா
1. ஒரே திசையில் பறப்பது ஓரிடத்தில் நன்மையாகவும் மற்றோர் இடத்தில் தீமையாகவும் ஆவது எவ்வாறு? டெய்லரின் நிலையைக் கொண்டு விளக்குக.
2. முக்கோணக் கதைகளில் காணப்படும் நான்கு வகைப் பிழைகளை எடுத்துக்காட்டுடன் எழுதுக.

இ. நெடுவினா
'எந்தப் பேய்?' என்னும் கேள்விக்கும் 'எச்சரிக்கை ஏன் எட்டவில்லை?' என்னும் கேள்விக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடக் கருத்துகளைக் கொண்டு கட்டுரையாக எழுதுக.

ஈ. மொழியோடு விளையாடு
1. கண்டவர் கூற்றைக் கேட்டவர் கூற்றாக மாற்றுக.
எடுத்துக்காட்டு: கப்பல் மூழ்கியது – கப்பல் மூழ்கியதாம்.
க) விமானம் வெடித்தது. ங) மாலுமிகள் தப்பினர். ச) புயல் வீசவில்லை.
2. 'மறைந்தது', 'மறைத்தது', 'மறைக்கப்பட்டது' ஆகிய மூன்றையும் தனித்தனித் தொடரில் அமைத்து, பொருள் வேறுபாட்டைக் கூறுக.

உ. கற்பவை கற்றபின்
1. திருக்குறளின் 'அறிவுடைமை' அதிகாரத்தைப் படித்து, இப்பாடத்தின் கருத்தோடு பொருந்தும் குறளைக் கண்டறிந்து எழுதுக.
2. உங்கள் வீட்டு அலைபேசிக்கு வந்த வியப்பூட்டும் செய்தி ஒன்றைத் தேர்ந்தெடுக்க. ஏட்டின் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் 'செய்தி சொல்வது', வலப்பக்கம் 'ஆவணம் சொல்வது' என எழுதுக. வலப்பக்கம் எதுவும் கிடைக்காவிடில் 'தெரியவில்லை' என்று எழுதுக.